அம்மாவின் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு வரைபடம்

அம்மாவுக்குத் தினமும் காலையில் ரத்த அழுத்தம் பார்க்கிறோம். ஒருநாள் 126, மறுநாள் 141. எண் கொஞ்சம் ஏறினாலே வீடு பதறும். மாத்திரையைக் கூட்டலாமா என்று பேச்சு எழும்.

அதைத் தீர்த்து வைத்தது, அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷெவார்ட் 1924இல் தொழிற்சாலைத் தரத்தைக் கவனிக்க உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபடம். வழக்கமான ஏற்ற இறக்கம் எது, உண்மையான மாற்றம் எது என்று பிரித்துக் காட்டும் வரைபடம் அது. அம்மாவின் மேல் அளவுகளின் (இரண்டு எண்களில் பெரியது) சராசரி 132. அடுத்தடுத்த நாள்களின் அளவு வித்தியாசங்களைச் சராசரி எடுத்தால் 6. அதை, இந்த வகை வரைபடத்துக்கென்றே உள்ள மாறாத எண்ணான 2.66ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 16. ஆக, 116 முதல் 148 வரை வருவதெல்லாம் அவருக்கு வழக்கமான ஏற்ற இறக்கம். 141 அதற்குள்தான்.

எல்லையைத் தாண்டாவிட்டாலும், தொடர்ந்து 8 அளவுகள் சராசரிக்கு மேலேயே நின்றால் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். மெல்ல நகரும் மாற்றத்தை ஒற்றை எண் காட்டவே காட்டாது. அப்படி ஒரு வரிசை தெரிந்தபோது வரைபடத்தோடு மருத்துவரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார்.

தினமும் ஒரே நேரத்தில், 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு அளந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அப்புறம், வழக்கமான அளவு என்பதாலேயே அது நல்ல அளவு ஆகிவிடாது. 180ஐத் தாண்டினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அளந்து, இறங்காவிட்டால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.