நாவலை நீங்களே எடிட் செய்யும்போது: உழைப்பும் காசும் வீணாகும் இடங்கள்

நாவலை எழுதி முடித்ததும் பலர் முதல் பக்கத்தைத் திறந்து ஒற்றுப்பிழை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது என்பேன். ஏழாம் அத்தியாயமே கதைக்குத் தேவையில்லை என்று பிறகு தெரியவந்தால், அதற்குச் செலவழித்த இரவுகள் போயின. அதைவிட மோசம், வரிவரியாகச் சீர்செய்த அத்தியாயத்தை வெட்ட மனசு வராது. வேண்டாத அத்தியாயம் பிழையில்லாத தமிழில் உள்ளேயே தங்கிவிடும்.

முதல் வாசிப்பில் கோப்பைத் தொடவே வேண்டாம். பி.டி.எஃப். ஆக்கி போனில் படியுங்கள். எழுதிய திரையில் கண்ணுக்குத் தப்பியவை வேறு திரையில் தெரியும். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு, அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: இதில் யாருக்கு என்ன மாறியது? பதில் எழுத முடியாத அத்தியாயங்களை வெட்டலாமா, பக்கத்து அத்தியாயத்தோடு சேர்க்கலாமா என்று முதலில் முடிவெடுங்கள். அது முடியும் வரை க், ச், த், ப் காத்திருக்கட்டும்.

அடுத்தது, காலக்கணக்கைச் சரிபார்க்காமல் விடுவது. பெரிய பதிப்பகத்தில் எடிட்டர் பிடித்துவிடக்கூடிய பிழைகள் இவை. உங்களிடம் எடிட்டர் இல்லை என்றால் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது 1978இல். அதற்குச் சில வருடங்கள் முன் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போன பாத்திரம், எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பைப் படித்திருப்பார். தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றது. நிலா இன்னும் மோசமாக மாட்டிவிடும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது, அன்று முழுநிலா காய முடியாது. மூன்றாம் பிறை அந்திக்குப் பின் மேற்கே கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்துவிடும், நடுஇரவில் அதைப் பார்த்துக் காதலர்கள் பேச முடியாது. பாத்திரங்களின் பிறந்த வருடம், கல்யாண வருடம், கதை நடக்கும் மாதம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவிட்டால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

பெயர் மாற்றும்போது ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை அழுத்தாதீர்கள். தமிழில் இது ஆங்கிலத்தைவிட ஆபத்தானது. ‘மணி’ என்ற பாத்திரத்தைப் ‘பாலு’ ஆக்கினால், ‘பத்து மணிக்கு’ என்பது ‘பத்து பாலுக்கு’ ஆகிவிடும், ‘கண்மணி’ ‘கண்பாலு’ ஆவாள். ‘செல்வி’யைக் ‘கமலா’ ஆக்கினால் ‘செல்வியை’ என்பது ‘கமலாயை’ என்று வந்து நிற்கும். வேற்றுமை உருபு சேரும்போது பெயருக்கேற்ப நடுவில் வரும் எழுத்து மாறுவதால், ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவதைத் தவிர வழியில்லை. அலுப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும்.

அப்புறம் பிழைதிருத்தி. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். வாணி எழுத்துப்பிழையையும் நாவி சந்திப்பிழையையும், அதாவது ஒற்றுப்பிழையையும், காட்டும். இவை காட்டுவதை அப்படியே ஏற்பது தவறு. ‘வேலை கொடுத்தான்’, ‘வேலைக் கொடுத்தான்’ இரண்டும் சரி. கொடுத்தது உத்தியோகமா, முருகன் கையிலிருக்கும் வேலா என்பது எழுதிய உங்களுக்குத்தான் தெரியும். வட்டார வழக்கில் இன்னும் கவனம் தேவை. நெல்லைப் பாட்டி ‘வாரேன்’ என்றால் எந்தக் கருவியும் அதைத் திருத்த விடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் அத்தியாயத்தைக் கொடுத்து ‘மெருகேற்று’ என்று கேட்டால், பாட்டியும் பேரனும் கலெக்டரும் ஒரே குரலில் பேசத் தொடங்குவார்கள். ஆனால் அதே பாட்டி ஒன்பதாம் அத்தியாயத்தில் ‘வர்றேன்’ என்றால் அது உங்கள் பிழை. ஒவ்வொரு பாத்திரமும் அடிக்கடி சொல்லும் சொற்களைக் குறித்துவைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள்.

நண்பர்களுக்குப் படிக்கக் கொடுப்பது இலவசம் என்று ஒரே நாளில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒருவர் உங்கள் நாவலை முதன்முறையாக ஒரு தடவைதான் படிக்க முடியும். இரண்டு பேருக்கு இப்போது கொடுங்கள், திருத்திய பிறகு வேறு இரண்டு பேருக்கு. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினார்கள், யாருடைய பெயர் குழப்பியது என்று கேளுங்கள்.

கையிலிருக்கும் பணத்தைக் கடைசியில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு (புரூஃப் ரீடர்) கொடுங்கள். சொந்த எழுத்தில் ரகர றகரம் பார்க்க யாராலும் முழுதாக முடியாது. மொத்த நாவலையும் ஒப்படைப்பதற்கு முன் பத்துப் பக்கம் கொடுத்து, திருத்தங்கள் தெரியும்படி வாங்கிப் பாருங்கள். அவர் பிழை மட்டும் பார்க்கிறாரா, வாக்கியத்தையும் மாற்றுகிறாரா என்பது அதில் புரிந்துவிடும், கூலியையும் அதற்கேற்பப் பேசலாம். அவர் திருத்தித் தந்த பிறகு புதிதாக ஒரு பத்தி சேர்த்தால் அந்தப் பத்திக்கு மெய்ப்புப் பார்த்தவர் யாருமில்லை.

சில இடங்களில் பக்க வடிவமைப்புக்காக யூனிகோட் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அதில் எழுத்துகள் உடைந்து புதுப்பிழைகள் வரலாம். அதனால் அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.பை வாங்கி முழுதாகப் பாருங்கள். முக்கியமாக அத்தியாயத் தலைப்புகளையும் பின்னட்டை வாசகத்தையும் தனியாக எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பதால் எல்லோரும் தாண்டிப் போகும் இடங்கள் அவை.