தொழிலாளர்களின் யோசனைகளைக் கேட்டுப் பெறுவது எப்படி? சிறு பனியன் கம்பெனிகளுக்கான செய்முறை

1950இல் அமெரிக்காவிலுள்ள ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்ட, ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா, அங்கே தொழிலாளர்கள் தங்கள் யோசனைகளை நிர்வாகத்திடம் தெரிவிக்க ஒரு முறை இருப்பதைக் கண்டார். அதைப் பின்பற்றி 1951இல் டொயோட்டா தொடங்கிய யோசனைத் திட்டம் இன்றும் நடக்கிறது. திருப்பூரில் இருபது பேர் வேலை செய்யும் கம்பெனியிலும் இதைப் பெரிய செலவில்லாமல் நடத்தலாம்.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"புதிதாக ஏதாவது சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். "கழுத்துப்பட்டி தைக்கும் இடத்தில் பீஸ்கள் தேங்காமல் இருக்க என்ன செய்யலாம்?" என்பதுபோல், மாதத்துக்கு ஒரே ஒரு கேள்வியை முன்வையுங்கள்.

படி 2: சொல்வதை எளிதாக்குங்கள்

எழுதத் தயங்குபவர் வாயால் சொல்லட்டும். சூப்பர்வைசர் அதைத் திருத்தாமல், சொன்னவரின் பெயரோடு நோட்டில் பதிய வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு, அவர்கள் மொழி அறிந்த சக தொழிலாளி ஒருவர் உதவலாம்.

படி 3: ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள்

ஏற்க முடியாத யோசனை என்றால், அதன் காரணத்தை, யோசனை சொன்னவரிடமே தனியாக, மரியாதையோடு விளக்குங்கள். ஏற்கத்தக்கது என்றால், ஒரே ஒரு மெஷினில் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனை சம்பளத்துக்குரிய வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் வேலை நேரத்தில் 15 சதவீதம் வரை ஊழியர்களின் சொந்த முயற்சிகளுக்கு ஒதுக்க இடம் தருகிறது. அவ்வளவு நம்மால் இயலாவிட்டாலும், சோதிக்கும் நேரத்துக்கான கூலியையாவது கட்டாயம் கொடுத்துவிட வேண்டும்.

படி 4: பீஸ் ரேட்டைக் குறைக்காதீர்கள்

என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஒரு டைலர் சொன்ன யோசனையால் வேலை வேகமாகி, அவர் நாளொன்றுக்குக் கூடுதல் பீஸ் தைக்கத் தொடங்கியதும், "இப்போது வேலை சுலபமாகிவிட்டதே" என்று முதலாளி ரேட்டைக் குறைத்தால், அந்த லைனிலிருந்து இன்னொரு யோசனை வரவே வராது. யோசித்ததற்குத் தண்டனையாகக் கூலி குறைந்ததைப் பார்த்த மற்றவர்கள், தங்களுக்குத் தெரிந்த நல்ல வழிகளையும் மறைத்தே வைத்துக்கொள்வார்கள். அப்படி மறைப்பதை நாம் குறை சொல்லவும் முடியாது. ஆகவே, யோசனையால் வரும் வேகத்துக்காக ரேட் குறைக்கப்படமாட்டாது என்பதைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

யோசனைக்குத் தரும் பரிசுத் தொகை சிறியதாக இருந்தாலும் போதும். ஆனால் செயலுக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் அதை அந்த வாரச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.