செக்கு ஆலைக்கு முதலீட்டு மானியம்: விண்ணப்பத்திலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

காங்கேயத்தை அடுத்த எங்கள் ஊரில் விடிவதற்கு முன்பே பனியன் கம்பெனி வண்டிகள் வந்து பெண்களைத் திருப்பூருக்கு ஏற்றிச் சென்றுவிடும். அவர்களில் நான்கு பேருக்காவது ஊருக்குள்ளேயே வேலை தர வேண்டும் என்று எண்ணித்தான் மரச்செக்கு ஆலை தொடங்கினேன். அதற்கான கடனையும் மானியத்தையும் பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெற்றேன். அதே வழியில் வர விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஆதார், புகைப்படம் போன்றவற்றை எப்படிப் பதிவேற்றுவது என்பதை இங்கே விளக்கவில்லை.

முதலில் திட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். பட்டம், பட்டயம் அல்லது ஐ.டி.ஐ. முடித்துப் பெரிய அளவில் தொடங்குவோருக்குத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் ஏற்றது. அதில் 25 சதவீத மானியத்துடன் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. என்னைப் போல் சிறிதாகத் தொடங்குவோருக்கு பி.எம்.இ.ஜி.பி.யே பொருந்தும் என்பது என் கருத்து. 2008-இல் தொடங்கிய இத்திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையும் திட்ட மதிப்பீடு இருக்கலாம். உற்பத்தித் தொழிலின் மதிப்பீடு 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு கிடையாது.

மானியம் இடத்தையும் ஆளையும் பொறுத்தது. பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவீதமும் ஊரகத்தில் 25 சதவீதமும் கிடைக்கும். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு அது முறையே 25, 35 சதவீதம். எங்கள் பக்கத்தில் சாலைக்கு இந்தப்புறம் ஊராட்சியாகவும் அந்தப்புறம் நகராட்சியாகவும் இருக்கும் இடங்கள் உண்டு. ஆகவே, கொட்டகைக்கு இடம் பேசும் முன்பே அந்தச் சர்வே எண் எந்த எல்லைக்குள் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது திட்ட அறிக்கை. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கணினி மையத்தில் யாருடைய அறிக்கையையோ பார்த்து எழுதிக் கொடுத்ததில், 12 லட்சம் மதிப்பீட்டில் 6 லட்சம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கி அன்றாடம் தொழிலை ஓட்டுவதற்கான பணம், என்று இருந்தது. வங்கி மேலாளர் அதைப் படித்துவிட்டு, "கொப்பரை எத்தனை நாளைக்கு இருப்பு வைப்பீங்கம்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்க்குக் கொப்பரையும் நிலக்கடலையும் வாங்க வேண்டும். ஆட்டி, தெளிய வைத்து, விற்றுப் பணம் கைக்கு வர மூன்று வாரம் ஆகும். அப்படியானால் எனக்குத் தேவை 3 லட்சம்தான். இதில் இன்னொரு கண்ணியும் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். நடைமுறை மூலதனத்துக்காக வங்கி தரும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கில் ஒரு வரம்பு வரை தேவைப்படும்போது எடுத்து, திருப்பிக் கட்டலாம். அந்த வரம்பை மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழுமையாகத் தொட்டிருக்க வேண்டும்; பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மானியத்தில் அதற்குரிய பங்கு திரும்பப் பெறப்படும். தேவைக்கு மேல் கேட்டு வாங்கியிருந்தால் மூன்றாம் ஆண்டில் நானே இழந்திருப்பேன்.

இரண்டாவது அறிக்கையில் கொட்டகைக்கு மூன்றரை லட்சம், இரண்டு செக்கு, வடிகட்டி, எடைத்தராசு ஆகியவற்றுக்கு ஐந்தரை லட்சம், நடைமுறை மூலதனம் 3 லட்சம் என்று எழுதினேன். நிலத்தின் விலையை மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது; கொட்டகை வாடகை என்றால் மூன்று ஆண்டு வரை சேர்க்கலாம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி விலை தெரியும்படி கொட்டேஷன் வாங்குங்கள். இது புதிய தொழிலுக்கு மட்டுமே உரிய திட்டம் என்பதால், கடன் ஒப்புதலுக்கு முன் இயந்திரம் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

இணையதளத்தில் விண்ணப்பிக்கும்போது முகமை, அதாவது விண்ணப்பத்தைப் பரிசீலித்து வங்கிக்கு அனுப்பும் அலுவலகம், எது என்று கேட்கும். கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகியவற்றில் நான் மாவட்டத் தொழில் மையத்தையே தேர்ந்தெடுத்தேன்; நேரில் போய்க் கேட்க அதுவே வசதி. எந்த வங்கிக் கிளையைக் குறிக்கப் போகிறீர்களோ, அதன் மேலாளரை முன்னதாகவே ஒருமுறை பார்த்துப் பேசிவிடுங்கள். கடனுக்கு ஒப்புதல் தருவது வங்கிதான். ஒப்புதலுக்குப் பிறகு தொழில்முனைவோர் பயிற்சி உண்டு. அதை இணையவழியிலும் முடிக்கலாம்.

இனி பணக் கணக்கு. சிறப்புப் பிரிவினரின் சொந்தப் பங்கு 5 சதவீதம், பொதுப் பிரிவினருக்கு 10 சதவீதம். நான் 60,000 ரூபாய் செலுத்தினேன். வங்கி 11,40,000 ரூபாய் கடன் தந்தது. மானியமான 4,20,000 ரூபாய் என் கைக்கு வரவில்லை. அது என் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்புத்தொகையாக வங்கியிலேயே இருக்கும். ஆலை இயங்குவதை நேரில் வந்து சரிபார்த்த பிறகே கடனில் வரவு வைக்கப்படும். அந்த வைப்புத்தொகைக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வங்கி வட்டி வாங்கக் கூடாது. என் கிளையில் மானியம் வந்த பிறகும் சில மாதங்கள் முழுக் கடனுக்கும் வட்டி போட்டிருந்தார்கள். கணக்கு அறிக்கையையும் வழிகாட்டு நெறிமுறையையும் சேர்த்து எழுத்து மூலம் முறையிட்டதும் திருத்தினார்கள். ஆகவே மாதந்தோறும் கணக்கு அறிக்கையை வாங்கி, வட்டி எந்தத் தொகைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: கணவர் இத்திட்டத்தில் ஏற்கெனவே கடன் பெற்றிருக்க, மனைவி பெயரில் வேறு தொழிலுக்கு விண்ணப்பிக்கலாமா என்று பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். முடியாது. கணவனும் மனைவியும் ஒரே குடும்பமாகக் கொள்ளப்படுவதால் ஒருவருக்கே உதவி கிடைக்கும். ஆனால் கணவர் பெயரில் ஏற்கெனவே உள்ள தொழில் நன்றாக ஓடி, முதல் கடனை உரிய காலத்தில் அடைத்திருந்தால், அதை விரிவாக்க இரண்டாவது கடன் கேட்கலாம். உற்பத்தித் தொழிலுக்கு அது ஒரு கோடி ரூபாய் வரை உண்டு. அதற்கு மானியம் 15 சதவீதம்.