ஆர்டி 350-இல் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறதா? காசைச் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

ராஜ்தூத் ஆர்டி 350 பைக் ஓட்டுபவர்களுக்கு இந்த அனுபவம் ஒருநாள் வந்தே தீரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று பாதி உயிர் போனதுபோல் இழுக்கும், சத்தம் ஒற்றையாகக் கேட்கும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். மெக்கானிக்கிடம் போனால் "ஒத்த சிலிண்டர்ல ஓடுது" என்பார். அடுத்ததாக கார்புரேட்டரைக் கழற்றுவார், புது காயில் (பிளக்கில் பொறி வரக் கரண்ட்டின் அழுத்தத்தை ஏற்றித் தரும் சுருள்) வாங்கி வரச் சொல்வார். 1983-இல் வந்த வண்டி. அதற்கு ஒரிஜினல் காயில் கிடைப்பதே இன்று பெரிய பாடு. எது கெட்டது என்று தெரியாமல் ஒரு பொருளையும் மாற்றாதீர்கள்.

இரட்டை சிலிண்டர் வண்டியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனை), கண்டன்சர் (அந்த முனை கருகாமல் காப்பது), காயில், பிளக், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் படுத்துவிட்டால், ஒழுங்காக ஓடும் மறுபக்கத்தை வைத்தே அதைச் சோதிக்கலாம்.

முதலில்: இது உண்மையிலேயே மிஸ்ஸிங்தானா?

டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஐடிலிங்கிலும், ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்து ஓட்டும்போதும் கொஞ்சம் விட்டுவிட்டு அடிக்கும். அது இயல்பு. ஆக்சிலேட்டரைத் திருகியதும் இரண்டு சைலன்சரும் ஒன்றாகப் பாடினால் பயப்பட வேண்டாம். லோடு கொடுத்தும் ஒரு பக்கம் அடங்கியே இருந்தால்தான் கோளாறு.

எந்தப் பக்கம்?

வண்டி நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் கிக்குக்கு முன் செய்வது நல்லது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, விரல் நுனியில் தொட்டு, இரண்டு சைலன்சர் பைப்பிலும் சிலிண்டரை ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு சொட்டாகத் தெளியுங்கள். உயிருள்ள பக்கத்தில் சொட்டு 'ஸ்ஸ்' என்று சுருங்கி மறையும். மற்றதில் அப்படியே உருண்டு கீழே வழியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

இன்ஜின் ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்ப்பது நம் ஊரில் பலருக்கும் பழக்கம். ஷாக் அடிக்கும். அதைவிட, கரண்ட் போக வழியில்லாமல் காயிலின் உள் இன்சுலேஷன் கெட்டுப்போகலாம். அந்த வழி வேண்டாம்.

பிளக் சொல்வதைக் கேளுங்கள்

இரண்டு பிளக்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் பக்கம் பக்கமாக வையுங்கள், இடது வலது மாறாமல். நன்றாக ஓடும் சிலிண்டரின் பிளக் காபித்தூள் நிறத்தில் இருக்கும். கெட்ட பக்கத்துப் பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. எத்தனை கிக் அடித்தும் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் ஆயில் எங்கிருந்தோ அதிகமாக வருகிறது. வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வெளுத்த பிளக்கோடு வண்டியை விரட்டாதீர்கள், பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சூட்டில் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும்.

பொறியைப் பாருங்கள்

இரண்டு பிளக்கையும் அதனதன் கேப்பில் மாட்டி, உலோக உடல் சிலிண்டர் ஹெட்டில் அழுத்தமாகப் படும்படி வையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கிக் அடிக்கும்போது அதன் வழியாகப் பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில், நிழலில் செய்யுங்கள். சாவியைப் போட்டு கிக் அடியுங்கள். நீலமாக, 'டிக்' என்று கேட்கும்படி வந்தால் நல்ல பொறி. மஞ்சளாக மெலிந்து வந்தால் போதாது. இரண்டு பக்கமும் மெலிந்திருந்தால் பேட்டரியைப் பாருங்கள். இந்த வண்டியின் இக்னிஷன் பேட்டரியை நம்பியது.

இடம் மாற்றும் சோதனை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் பிளக்குகளை இடம் மாற்றுங்கள். கோளாறு பக்கம் மாறினால் பிளக்தான். என்ஜிகே பி8எச்எஸ் வாங்கி, அதன் முனை இடைவெளியை 0.6 மி.மீ. வைத்து மாட்டுங்கள். கையாலேயே சில சுற்றுத் திருகிய பிறகுதான் ஸ்பேனர். அலுமினிய மரையைக் கெடுத்துவிட்டால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும்.

அடுத்து பிளக் கேப். அது கேபிளில் திருகி மாட்டியிருக்கும், இடப்பக்கம் சுற்றினால் கழன்றுவிடும். என் வண்டி மழைக்காலத்தில் மட்டும் வலப்பக்கம் மிஸ் அடித்தது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துச் சுத்தம் செய்தும் தீரவில்லை. கடைசியில் கேப்பைக் கழற்றினால் உள்ளே கேபிளின் செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாக இருந்தது. கேபிளை அரை சென்டிமீட்டர் வெட்டி, புதுக் கம்பி தெரிந்ததும் கேப்பைத் திரும்பத் திருகினேன். அவ்வளவுதான், சரியாகிவிட்டது.

அப்புறம் காயில். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிளக்குக்குப் போகும் தடித்த கேபிள்களை மட்டும் மாற்றிப் போட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும் அமைப்பு இது. பொறி தப்பான நேரத்தில் விழும். எனவே பாயிண்ட்டிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய ஒயர்கள் இரண்டையும், தடித்த கேபிள்கள் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கோளாறு அடுத்த பக்கம் போனால் காயில். அதே பக்கம் நின்றால் காயில் நல்லது, அதை விட்டுவிடுங்கள்.

பாயிண்ட்டும் கண்டன்சரும்

இடப்பக்க இன்ஜின் கவரைக் கழற்றினால் இரண்டு பாயிண்ட்டும் தெரியும். முகம் கருகியோ குழி விழுந்தோ இருந்தால் நைஸ் எமரி பேப்பரால் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். முழுதாகத் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.30 முதல் 0.40 மி.மீ. காட்ட வேண்டும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும் என்பதை மறக்காதீர்கள். டயல் கேஜ் (பிஸ்டன் நிற்கும் இடத்தை அளக்கும் கருவி) இல்லாதவர்கள் டைமிங் வைப்பதற்கு மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் போவது புத்திசாலித்தனம். டைமிங் அதிகமாக முந்தினால் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

இன்ஜின் ஓடும்போது ஒரு பாயிண்ட்டில் மட்டும் பொறி பெரிதாகத் தெறித்தால் அந்தப் பக்கத்துக் கண்டன்சர் போய்விட்டது.

பொறி நன்றாக இருந்தும் மிஸ் அடித்தால்

அந்தப் பக்கத்துக் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பைலட் ஜெட் (ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைத்திருக்கும். ஐடிலிங்கிலும் கால் ஆக்சிலேட்டர் வரையிலும் மிஸ் அடித்து, மேலே போனால் சரியாகிவிடுவது இதன் அடையாளம். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும். ஆக்சிலேட்டர் கேபிள் கிளை பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் போகிறது. இரண்டு ஸ்லைடும் (கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் தடுப்பு) ஒரே நொடியில் மேலே எழுகின்றனவா என்று பாருங்கள்.

இதுவும் சரி என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வலப்பக்கம் மட்டும் கெட்டியாகப் புகை விட்டு, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் (கியர் ஆயில் சிலிண்டர் பக்கம் புகாமல் தடுப்பது) போயிருக்கும். அதற்கு இன்ஜினைப் பிரிக்க வேண்டும், வீட்டில் செய்யும் வேலை இல்லை.

எதைச் சரிசெய்தாலும் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, வண்டி ஆறியதும் மறுபடி இரண்டு பிளக்கையும் அதே வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே காபித்தூள் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும்.