நெல்லைப் புறநகரில் மனை வாங்கும் முன்: மழைத் தண்ணீர், குடிதண்ணீர், பஸ்

கேடிசி நகர், ரெட்டியார்பட்டி சாலை என்று பாளையங்கோட்டையைச் சுற்றி மனைகள் பெருகிக்கொண்டே போகின்றன. சென்ட் என்ன விலை என்று கேட்கும் முன், மழைத் தண்ணீர் அந்த இடத்துக்கு எப்படி வருகிறது, எப்படி வடிகிறது என்று பாருங்கள். பஸ்ஸும் தெருவிளக்கும் நாளாவட்டத்தில் வந்துவிடும். பள்ளத்தில் வாங்கிய மனை கடைசி வரை பள்ளம்தான்.

இந்தச் சீமையில் ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து, ஓடை வழியே அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும். வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடையைத் தூர்த்துத் தெரு போட்டுவிட்டால், தண்ணீர் வீடுகளுக்குள்தான் வழி தேடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அதை ஊரே பார்த்தது.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள். தெருமுனைப் பாலத்துக்கு அப்பால் ஓடை தொடர்கிறதா, இல்லை காம்பவுண்டுச் சுவர் மறிக்கிறதா? பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரடியிலும் மோட்டார் ரூம் கதவிலும் செம்மண் கறை கோடாகப் படிந்திருந்தால், அதன் உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் புரோக்கரை விட்டுவிட்டு டீக்கடையில் விசாரியுங்கள்: "அண்ணாச்சி, அந்த டிசம்பர் மழைக்கு இங்க எவ்வளவு தண்ணி கெடந்துச்சு?"

பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் பாருங்கள். உங்கள் சர்வே எண் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. ஒட்டியுள்ள எண்களில் ஓடைப் புறம்போக்கு, குளம், வாய்க்கால் என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மனை யார் யார் கை மாறியது, அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போடுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாத மனை பக்கமே போகாதீர்கள். பதிவுக்கும், பிறகு வங்கிக் கடனுக்கும் அலைய வேண்டிவரும்.

கட்டும்போது தளமட்டம் ரோட்டிலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்கட்டும். புறநகரில் மண் ரோடு தார் ரோடாகி, அதன் மேல் சிமென்ட் ரோடு வரும். ஒவ்வொரு தடவையும் ரோடு உயர, வாசல் தாழ்ந்துகொண்டே போகும். சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) வாயையும் தரையிலிருந்து ஓர் அடி தூக்கிக் கட்டுங்கள். தரையோடு தரையாக மூடி போட்டால் முதல் பெருமழையிலேயே சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்துவிடும்.

குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று அந்தத் தெருவிலேயே கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் நாலு பேருக்கு 540 லிட்டர். 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழச் சம்ப் சுமார் 5,100 லிட்டர் பிடிக்கும். ஒன்பது நாள் தாங்கும். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் சோதித்தால்தான் உண்மை தெரியும். டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு, 500-க்குள் இருந்தால் நல்லது. 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. அதற்குக் கீழே இருந்தாலும் கடினத் தண்ணீராக இருந்தால் ஹீட்டர் காயிலில் உப்பு படிந்து சீக்கிரம் கெடும். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 50 அடி இடைவெளி வேண்டும். 3 சென்ட் மனையில், அதாவது சுமார் 1,307 சதுர அடியில், இது சிரமம். அதனால் பக்கத்து வீட்டு டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே போர் இடத்தைக் குறியுங்கள்.

பயணத்தில் முக்கியம், வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தாமிரபரணி ஆற்றுக்கு எந்தப் பக்கம் என்பது. பாளையங்கோட்டைப் பக்கம் குடியிருந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி டவுனில் வேலை என்றால், காலை நெரிசலில் வண்ணார்பேட்டையும் ஆற்றுப் பாலமும் தாண்டியாக வேண்டும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வாங்குவோர் செங்கோட்டை பாசஞ்சர் நேரம் அலுவலக நேரத்தோடு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு சீசன் டிக்கெட்டைக் கணக்கில் சேர்க்கலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. வீட்டுச் செலவில் இது கணிசம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மனையிலிருந்து பஸ்ஸிலேயே வேலைக்குப் போய், அன்றைக்கே கடைசி பஸ்ஸில் திரும்புங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை வெளிச்சம் இருக்கிறதா, பஸ்ஸைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோ எதுவரை வரும் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.