இடிஞ்சதையே எடுக்குறீங்களே, தம்பி!

என்ன படம் எடுப்பது என்றே தோன்றாத நாட்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் பஸ் ஏறுகிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் போனேன். முதல் தவறைக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே செய்துவிட்டேன். தனுஷ்கோடி என்று போனில் தேடி, இருநூறு படமாவது பார்த்துவிட்டுத் தூங்கினேன். மறுநாள் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் நின்றால் வேறெதுவும் கண்ணில் படவில்லை. உடைந்த சுவர், பின்னால் வானம், நடுவில் யாரோ ஒருவர். கால் தானாக அந்த இடத்தில் போய் நின்றது. அடுத்தவர் படங்களைப் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம், போய் வந்த பிறகு.

பக்கத்தில் சங்கு விற்றுக்கொண்டிருந்த பெரியவர், "எல்லாரும் இடிஞ்சதையே எடுக்குறீங்களே, தம்பி" என்றார். சிரித்துவிட்டு நகரப் பார்த்தேன். நல்லவேளை, நகரவில்லை. "ரெண்டு பக்கமும் கடலைப் பாத்தீங்களா? அது ஆண்கடல், இது பெண்கடல்."

தெற்கே மன்னார் வளைகுடா கரையை அறைந்துகொண்டிருந்தது. வடக்கே பாக் நீரிணை குளம் மாதிரிக் கிடந்தது. நடுவில் மணலும் ஒரு தார்ச்சாலையும்தான். "வாடைக்காத்து அடிக்கட்டும், அப்ப வந்து பாருங்க. இவளும் கோவிச்சுக்குவா" என்றார்.

தென்மேற்குக் காற்று மாதங்களில் தெற்குக் கடல் பொங்கும். வாடை தொடங்கினால் வடக்குக் கடல் கலங்கும். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கடல் மாறித் தொழில் செய்வார்கள். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது. ஜூலையில் சாலையில் நின்ற அதே இடத்தில் டிசம்பரிலும் போய் நின்றேன். இரண்டு தடவையும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. லென்ஸ் மாற்றவில்லை, அடிவானம் நாலிலும் ஒரே உயரத்தில். தனித்தனியாகப் பார்த்தால் அந்த நாலில் ஒன்றுகூடத் தேறாது. நாலையும் வரிசையாக வைத்தால் பார்ப்பவர் கொஞ்ச நேரம் நிற்கிறார். ஒரே பயணத்தில் யோசனை முழுசாகக் கிடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தால், ஜூலைப் படங்களை அன்றைக்கே அழித்திருப்பேன். எடுத்த இடத்திலேயே அழிக்கிற பழக்கத்தை விடுங்கள். மெமரி கார்டு ஒன்றும் அவ்வளவு விலையில்லை.

அடுத்த தவறு, 'மீனவர் வாழ்க்கை' என்று தலைப்பு வைத்துக்கொண்டு கிளம்புவது. இவ்வளவு பெரிய தலைப்பில் எதை எடுத்தாலும் பொருந்தும். அதனாலேயே எதுவும் அமையாது. கயிறு மட்டும் என்று வையுங்களேன். கரைவலை இழுக்கிற கயிறு, நங்கூரக் கயிறு, வெயிலில் விறைத்துக் கிடக்கிற பழைய கயிறு, கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை. ஒரு வாரத்துக்குப் போதும்.

எல்லாரும் எடுக்கிற படத்துக்காகப் பாம்பன் பாலத்தில் ரயிலுக்குக் காத்திருப்பதும் தவறு என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.

'இப்போது சீசன் இல்லை' என்று தள்ளிப்போடுவது இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படம் எடுக்க என்ன இருக்கும் என்று கேட்பார்கள். கடலில் இருக்கிற படகின் அடிப்பாகத்தை எப்போது பார்ப்பீர்கள்? தடைக்காலத்தில் பாருங்கள்: கரையேற்றிச் சுரண்டி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கேட்காமல் எடுப்பதைத் தவறு என்று எல்லாருமே சொல்வார்கள், மரியாதைக்காக. கேட்டால் படமும் மாறும் என்பது எனக்குப் பாம்பன் கரையில்தான் தெரிந்தது. கடல்பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலைக்கு மேல் சட்டையோடு கரையேறிய அக்கா ஒருவரிடம் கேட்டேன். "எடுங்க தம்பி, மூஞ்சி மட்டும் வேணாம்" என்றார். முகம் இல்லாமல் என்ன எடுப்பது? முழித்தேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தார். நனைந்து, நுனி பிய்ந்து, இடுக்கில் ஒரு துணுக்குப் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் எடுத்தேன். திரையில் காட்டியதும் உற்றுப் பார்த்தார்.

"கட்டு அவுந்து கெடக்கு. நாளைக்கு வாங்க, நல்லாக் கட்டிட்டு வர்றேன்."