ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆழமான கட்டிகளாகத் திரண்டு தழும்பை விட்டுச்செல்லும் கடுமையான முகப்பருவுக்கு, மற்ற சிகிச்சைகள் பலனளிக்காத நிலையில் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்து ஐசோட்ரெட்டினோயின். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இம்மருந்து தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிப் பருவைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அது பரு இருக்கும் இடத்தோடு நின்றுவிடுவதில்லை. உதடு, கண், கல்லீரல், வயிற்றில் வளரும் கரு என உடல் முழுவதும் அதன் விளைவு உண்டு. ஆகவே, சிகிச்சை முடியும்வரை நீங்கள் எந்த மருத்துவரிடம் சென்றாலும், எந்த அழகு நிலையத்தில் உட்கார்ந்தாலும், இம்மருந்தை உட்கொள்வதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மருந்தைத் தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிய ஓரிரு மாதங்களிலும் கல்லீரல் நொதிகளையும் ரத்தக் கொழுப்பையும், குறிப்பாக ட்ரைகிளிசரைடு அளவையும், பரிசோதிப்பது வழக்கம். உடலில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்பதற்காக இப்பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ட்ரைகிளிசரைடு உயர்வது பெரும்பாலும் வெளியே தெரியாது, மிக அதிகமாக உயர்ந்தால் கணைய அழற்சி வரை கொண்டுபோய்விடும். மதுவைத் தவிர்ப்பதும் இதே காரணத்தினால்தான்.

கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். இம்மருந்து உடலில் இருக்கும்போது கரு உருவானால் கருச்சிதைவு நேரலாம். குழந்தையின் மூளை, இதயம், முகம், காது ஆகியவற்றில் கடுமையான பிறவிக் குறைபாடுகள் ஏற்படலாம். சிறிய அளவில், சில நாட்கள் மட்டுமே சாப்பிட்டேன் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும். தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, நிறுத்திய பின் ஒரு மாதம் வரை, இரண்டு கருத்தடை முறைகளைச் சேர்த்துப் பின்பற்றுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள். மருத்துவர் கேட்கத் தயங்குவதும், நோயாளி சொல்லக் கூசுவதும் இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து. கேட்காவிட்டாலும் நீங்களே பேச்சை எடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

காய்ச்சலுக்கோ சளிக்கோ வேறொரு மருத்துவர் டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்கை எழுதித் தந்தால், இரண்டும் சேர்ந்து மூளையைச் சுற்றியுள்ள அழுத்தத்தை உயர்த்தக்கூடும். விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை அதன் அறிகுறிகள். சத்து மாத்திரைகளின் அட்டையையும் படித்துப் பாருங்கள். அவற்றில் வைட்டமின் ஏ இருந்தால் இம்மருந்தோடு சேர்த்து எடுக்க வேண்டாம்.

கொழுப்பு அடங்கிய உணவோடு சாப்பிட்டால்தான் இம்மருந்து உடலில் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பாதிப் பலன் வீணாகிவிடும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் பரு கூடுவதும் உண்டு. அதைக் கண்டு தாமாகவே அளவைக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள், அறவே நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை.

உதடு காயாத ஆளே இல்லை எனலாம். கொட்டாவி விடும்போது வாயின் ஓரம் வெடித்து ரத்தம் கசியும் அளவுக்குப் போகாமலிருக்க, பல் துலக்கிய பிறகும், சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். உரிந்து நிற்கும் தோலைப் பிய்க்கக் கூடாது. மூக்கின் உட்புறம் காய்ந்து ரத்தம் வந்தால் அங்கும் மெல்லியதாகத் தடவலாம். கண் வறட்சியால் கான்டாக்ட் லென்ஸ் உறுத்தினால் கண்ணாடிக்கு மாறிக்கொள்ளுங்கள். இருட்டில் பார்வை திடீரெனக் குறையக்கூடும் என்பதால், இரவில் வண்டி ஓட்டுபவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெயிலில் தோல் எளிதில் கன்றிப்போகும், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் அவசியம். வாக்ஸிங் செய்தால் முடியோடு மெல்லிய தோலும் உரிந்து வரும். சிகிச்சை முடிந்த பின்னும் ஆறு மாதங்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

மனச்சோர்வுக்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கடுமையான பருவே ஒருவரை மனத்தளவில் ஒடுக்கிவிடும் என்பதும் உண்மை. ஆயினும், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றைக் கவனித்துச் சொல்லும்படி வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாதிக்கப்பட்டவருக்கே அந்த மாற்றம் பல நேரங்களில் தெரிவதில்லை. தற்கொலை எண்ணம் எழுந்தாலோ, கடும் வயிற்றுவலி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாதல், முன்னர் சொன்ன தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றினாலோ, மருந்தை நிறுத்திவிட்டு உடனே சிகிச்சை பெற வேண்டும்.

மருந்து எடுக்கும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். மீந்துபோன மாத்திரைகளை, அதே பருவால் அவதிப்படும் தோழிக்கோ தங்கைக்கோ கொடுக்காமல், மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.